கரண்டை எடுக்கச் சொல்லி மனு கொடுத்தவன்

கல்வி நிர்வாகப் படிப்பில் இந்த வருடம் சேர்ந்திருப்பவர்களுக்கு, முன்னால் படித்தவர்கள் ஆளுக்கொரு அனுபவம் எழுதித் தரவேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். இப்படியெல்லாம் எழுதுவது வழக்கமாக ஓய்வு பெற்றவர்கள். எனக்கு இன்னும் இருபத்து நாலு வருடம் சர்வீஸ் பாக்கி இருக்கிறது. அத்தனை நாள் காத்திருந்தால் இந்தக் கதையில் நான் செய்த கோமாளித்தனத்தையெல்லாம் நானே அழகாக மாற்றிச் சொல்ல ஆரம்பித்துவிடுவேன். அதனால் சுடச்சுட எழுதிவிடுகிறேன்.

மின்வாரிய அலுவலகத்துக்குப் போய், "எங்கள் பகுதியில் ஒரு மணி நேரம் மின்சாரத்தை நிறுத்தி உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்த ஆசிரியர் நம் மாவட்டத்தில் ஒருவர்தான் இருப்பார். அது நான்.

அப்போது நான் திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் ஆறு வருடமாக அறிவியல் நடத்திக்கொண்டிருந்தேன். சனி, ஞாயிறு சேலத்துக்குப் பஸ் ஏறி இந்தப் படிப்பு. 'மாற்ற மேலாண்மை' என்ற தாளில் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் எனக்குத்தான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, பின்னால் தேவைப்படும்.

நாலாவது பருவத்தில் எட்டு வாரம் களப்பயிற்சி. எனக்கு வாய்த்தது குமாரபாளையத்தில் ஒரு அரசு உதவி பெறும் நடுநிலைப் பள்ளி. எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். சுற்றிலும் விசைத்தறிப் பட்டறைகள். பள்ளிச் சுவரின் மூன்று பக்கமும் தறி ஓடும். அங்கே வாத்தியார்கள் பேசுவதில்லை, கத்துவார்கள். முதல் வாரம் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. இரண்டாவது வாரம் ஊருக்குப் போய் என் மனைவியிடம் சாம்பார் கேட்டபோது, "எதுக்கு இப்ப சண்டைக்கு வர்றீங்க" என்றாள்.

தலைமையாசிரியை அம்மா அதிகம் பேசமாட்டார். நான் நாளுக்கொரு யோசனை எழுதிக்கொண்டு போய் மேசையில் வைப்பேன். "வெச்சுட்டுப் போங்க தம்பி" என்பார். தண்ணீர்த் தொட்டியை நிழலுக்கு மாற்றலாம், வெச்சுட்டுப் போங்க. பிரார்த்தனையை மாடிக்கு மாற்றலாம், வெச்சுட்டுப் போங்க. ஒரு மாதத்தில் என் யோசனைகளுக்கே தனியாக ஒரு ஃபைல் போட்டுவிட்டார். மேலே பேப்பர்வெயிட்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக்க, அதாவது ஒன்பதாம் வகுப்பு தொடங்க, விண்ணப்பம் போயிருந்தது. அதற்குப் பெற்றோர் கூட்டம் நடத்தி, பாதிப் பெற்றோராவது நேரில் வந்து, தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டு, கூட்டத்தின் போட்டோவோடு கல்வி அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். கடைசி நாள் ஒரு புதன்கிழமை. தவறினால் அந்த வருடம் அவ்வளவுதான். எட்டாவதில் இருபத்தெட்டுப் பிள்ளைகள். ஒன்பதாவது இல்லாவிட்டால் அதில் எத்தனை பேர் தூரத்துப் பள்ளிக்குப் போவார்கள், எத்தனை பேர் பட்டறையில் தறிக்கு நூல் தார் சுற்ற உட்கார்ந்துவிடுவார்கள் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

கூட்டத்துக்கு அம்மா நாள் குறித்துச் சுற்றறிக்கையும் அனுப்பிவிட்டார்: கடைசி நாளுக்கு முந்தைய வாரம், வியாழக்கிழமை, பகல் பதினோரு மணி. அதற்குள் சூரமங்கலத்தில் ரயில்வே குடியிருப்பில் இருக்கும் அவருடைய மகளுக்குப் பேறுகாலம் நெருங்கிவிட்டது. அந்தத் திங்கட்கிழமையே பத்து நாள் விடுப்பில் கிளம்பினார். பொறுப்பு மூத்த ஆசிரியை சரோஜா டீச்சருக்கு. சரோஜா டீச்சர் கூட்டப் பொறுப்பை எனக்குத் தள்ளிவிட்டார். "நீங்கதான் இதுக்குன்னே படிக்கறீங்க சார்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. இருபத்திரண்டு ஸ்லைடு தயார் செய்தேன். 'தொலைநோக்கு' என்றே நாலு ஸ்லைடு.

செவ்வாய்க்கிழமை காலை பேப்பரைப் பிரித்தால், மாதாந்திரப் பராமரிப்புக்காக வியாழனன்று காலை ஒன்பது முதல் மதியம் இரண்டு வரை குமாரபாளையத்தில் மின்தடை. நான் எழுந்து நின்றுவிட்டேன். நூற்றுச் சொச்சம் பெற்றோரை வரவழைத்து, மைக் இல்லாமல், ஃபேன் இல்லாமல், புரொஜெக்டர் இல்லாமல் கூட்டமா. அம்மா பேப்பர் பார்க்காமல் நாள் குறித்துவிட்டார், நல்லவேளை நான் பார்த்தேன்.

"டீச்சர், கூட்டத்த சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு மாத்தறோம்."

சரோஜா டீச்சர் நோட்டுத் திருத்துவதை நிறுத்தினார். "எப்பவும் இந்த மாதிரி நாள்லதானுங்க சார் வெப்போம்."

"எப்பவும்னு ஒண்ணு வெச்சுக்கிட்டா முன்னேற்றமே கிடையாது டீச்சர்."

"அதுக்கில்லீங்க சார், அது வந்து…"

"நான் பார்த்துக்கறேன்."

அவர் திரும்ப நோட்டை எடுத்துக்கொண்டார். இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். 'அது வந்து' என்பதற்குப் பிறகு வரவேண்டிய நாலு வார்த்தையை நான் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையே கிடையாது. மாற்ற மேலாண்மையில் முதல் மதிப்பெண் வாங்கியவன், அந்த நாலு வார்த்தைக்கு நேரமில்லாமல் சுற்றறிக்கை டைப் அடிக்கப் போய்விட்டேன்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு, தள்ளிவைத்த தகவல் எட்டாத பதினைந்து இருபது பேர் பள்ளி வாசலில் நின்றார்கள். சனிக்கிழமை வரச்சொல்லித் திருப்பி அனுப்பினேன். "சனிக்கெழமயா" என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். தள்ளிவைத்த கூட்டத்துக்கே இத்தனை பேர் என்றால் சனிக்கிழமை இடம் போதாது. நூறு போண்டாவை நூற்றைம்பதாக்கினேன்.

சனிக்கிழமை நாலு மணி. மைக் கணீரென்று இருந்தது. ஃபேன் எல்லாம் பறந்தது. திரையில் 'வருக வருக' மின்னியது. வந்தவர்கள் ஆறு பேர். அதில் ஒருவர் பெற்றோரே இல்லை, போண்டா வாசனைக்கு வந்தவர். அவர் மட்டும் கடைசி வரை கவனமாகக் கேட்டார்.

ஐந்து மணிக்கு வாசலில் ஒரு அம்மா அவசரமாக எட்டிப் பார்த்தார். தலையெல்லாம் பஞ்சு, கையில் நூல் கண்டு. பேர் பழனியம்மாள், மகள் எட்டாவதில் படிக்கிறாள் என்று சரோஜா டீச்சர் சொன்னார்.

"ஏனுங் சார், கூட்டம் முடிஞ்சு போச்சுங்களா?"

"ஆரம்பிச்சும் புண்ணியமில்லைங்க. யாருமே வரலை."

"எப்படி வருவாங்க? தறி ஓடுதில்ல? ஒருத்தரு நாலு தறி பாக்கறோம். உட்டுட்டு வந்தா நூலு அறுந்தது அறுந்தபடி கெடக்கும். மாசத்துல ஒருநா கரண்ட் நிக்கும், அன்னைக்குத்தான் நாங்க மனுசங்க மாதிரி தலை சீவி வெளிய வருவோம். அதுக்குத்தான அம்மா எப்பவும் கரண்ட் இல்லாத நாளாப் பாத்துக் கூட்டம் வெப்பாங்க. இந்தவாட்டி அதை எந்தப் புண்ணியவான் மாத்துனான்?"

சரோஜா டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"நான்தாங்க," என்றேன்.

"அய்யோ சாமி," என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார் பழனியம்மாள். "படிச்ச புள்ளையா இருக்கறீங்களே." அவசரத்துக்கு ரெண்டு போண்டா எடுத்துக்கொண்டு தறிக்கு ஓடிவிட்டார்.

அடுத்த மின்தடை ஒரு மாதம் கழித்து. கடைசி நாள் புதன். ஞாயிற்றுக்கிழமை வைக்கலாமா என்று சரோஜா டீச்சரிடம் கேட்டேன். "நாளைக்குப் பெரிய முகூர்த்தமுங்க சார். ஊருல பாதிப்பேரு பவானியில இருப்பாங்க, மீதிப்பேரு ஈரோட்டுல." அம்மாவுக்குப் போன் போட்டேன். "தம்பி, லேபர் வார்டு வாசல்ல நிக்கிறேன். உயிர் போற விஷயமா?" என்றார். "இல்லைங்கம்மா" என்று வைத்துவிட்டேன். என் உயிர் மட்டும்தான் என்று சொல்லவில்லை.

சரோஜா டீச்சர் மெதுவாக ஒரு வழி சொன்னார். கெட்ட எண்ணத்தில் அல்ல, பரிதாபப்பட்டு. போன வருடக் கூட்டத்தின் போட்டோ இருக்கிறது. தீர்மானத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டால் வீட்டில் கையெழுத்து வாங்கி வந்துவிடுவார்கள். "போட்டோவுல யாருங்க சார் தேதி பாக்கறாங்க."

அந்தப் போட்டோவைப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். செய்யலாமா என்று யோசித்தேன், மறைக்கவில்லை. படத்தில் ஃபேன் எல்லாம் நின்றிருந்தது. அத்தனை பேரும் சுற்றறிக்கையை மடித்து விசிறிக்கொண்டிருந்தார்கள், அத்தனை பேரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் சனிக்கிழமை தயார் செய்த அரங்கத்தில் இதில் எதுவுமே இருந்திருக்காது. படத்தை உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். கொள்கைப்பிடிப்பு என்று நினைக்காதீர்கள். முதலில் வந்தது பயம். கொள்கை அடுத்த பஸ்ஸில் வந்தது.

திங்கட்கிழமை காலைதான் அந்த மனு. மின்வாரிய அலுவலகத்தில் இருந்த அதிகாரி அதை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாவது தடவை படித்தார்.

"சார், நான் சர்வீஸுக்கு வந்து இருவத்தாறு வருசம் ஆச்சு. கரண்ட் குடுங்கன்னு திட்டியிருக்காங்க, அழுதிருக்காங்க, ஒருத்தர் செருப்பைக்கூடத் தூக்கிட்டு வந்தாரு. எடுங்கன்னு கேட்டு வந்த மொதல் ஆளு நீங்கதான்."

"ஒரு மணி நேரம் போதுங்க சார்."

"ஆஸ்பத்திரி இருக்குது, பேங்க் இருக்குது. உங்க ஒருத்தருக்காக ஊரை நிறுத்த முடியுங்களா?" டீ வரவழைத்துக் கொடுத்தார். பக்கத்து அறையிலிருந்து மூன்று பேரைக் கூப்பிட்டு மனுவைக் காட்டினார். ஒரு நகல் எடுத்துக்கொள்ளலாமா என்று மரியாதையாகக் கேட்டார்.

அங்கிருந்து நேராகப் பழனியம்மாள் வேலை செய்யும் பட்டறைக்குப் போனேன். கூட்டத்துக்கு ஆள் வராவிட்டால் ஆள் இருக்கும் இடத்தில் கூட்டம், இதுவும் படித்ததுதான். இரண்டு வரிசைத் தறிகளுக்கு நடுவில் நின்று ஒன்பதாம் வகுப்பின் அவசியம் பற்றிப் பேச ஆரம்பித்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். உற்சாகமாகி இன்னும் சத்தமாகப் பேசினேன். இன்னும் வேகமாகத் தலையாட்டினார்கள். ஐந்து நிமிடம் கழித்துப் பழனியம்மாள் என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் போனார்.

"உள்ள ஒரு சொல்லுங்கூட கேக்காதுங் சார். என்ன பேசுனீங்க?"

"எல்லாரும் தலையாட்டினாங்களே?"

"வாத்தியாரு வந்து வாயசைக்கறாரு, ஆட்டாம எப்படி உடறது? மருவாதியில்லாம போயிரும்."

வாசல் படியில் உட்கார்ந்துவிட்டேன். ஸ்லைடு இல்லாமல், தொலைநோக்கு இல்லாமல் நடந்ததைச் சொன்னேன். தப்பு என்னுடையது, புதன்கிழமை போனால் இந்த வருடம் போய்விடும், எனக்கு வழி தெரியவில்லை. பழனியம்மாள் முந்தானையால் பஞ்சைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"ஒம்பதாவது வராதுன்னா என்ற புள்ள இங்கதான் வந்து நிக்கும். எட்டாவது முடிச்சுட்டு வந்தவதான் நானும்." பட்டறைச் சுவர்ப் பக்கம் கையைக் காட்டினார். "கரண்ட் போனாத்தான் தறி நிக்கோணுமா? சுவிச்சுன்னு ஒண்ணு செவுத்துல இருக்குதில்ல?"

இருபத்திரண்டு ஸ்லைடிலும் இல்லாதது அந்த சுவிட்ச். எனக்கு முன்பே சுவரில் இருந்திருக்கிறது.

ஆனால் அது பட்டறைக்காரர் சுவர். அவர் வெளியே வந்து கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "ஓடற தறிய நிறுத்தி ஓட்டுனா துணியில குறுக்க கோடு உழுகுமுங்க சார். அப்பறம் அது செகண்ட்ஸ், பாதி வெலைக்குத்தான் போகும்."

"கரண்ட் போறப்ப உழுகாத கோடுங்களா?" என்றார் பழனியம்மாள்.

"அது கரண்ட் போட்ட கோடு, யாரப் போயிக் கேக்கறது? இது நீங்க போடச் சொல்ற கோடு."

"சரிங்க. ஒம்பதாவது வராட்டி அடுத்த வருசமே என்ற புள்ள உங்க தறிக்கு வந்து நிப்பா. தெனமும் நாலு கோடு போடுவா. அப்பப் பாத்துக்குங்க." சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு உள்ளே போய்விட்டார்.

பட்டறைக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "இந்தப் புள்ளைகிட்ட வாயக் குடுக்க முடியாதுங்க," என்றார். "அரை மணி நேரம். ஆனா மத்தவங்க நிறுத்துனாத்தான் நானும் நிறுத்துவேன்."

அடுத்த பட்டறையிலும் அதே பதில். அதற்கடுத்த பட்டறையிலும். ஐந்து முதலாளிகளுக்கும் சம்மதம், முதல் ஆளாக நிறுத்தத்தான் யாருக்கும் மனமில்லை. சாயங்காலம் ஐந்து பேரையும் ஒரே டீக்கடைக்கு வரவழைத்தேன். எல்லோரும் ஒரே நிமிடத்தில் நிறுத்துவது, பள்ளி மணி அடித்தால் அதுதான் அடையாளம் என்று முடிவானது. தறி ஓடும்போது மணிச் சத்தம் கேட்காது என்பது ஆறாவது டீயில்தான் ஞாபகம் வந்தது. கடைசியில் செல்போனில் அலாரம் வைத்துக்கொண்டார்கள்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணி. நான் மைதானத்தில் நின்றேன். தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. பதினொன்று இரண்டு. ஓடிக்கொண்டிருந்தன. பதினொன்று நாலு. அப்போது கிழக்குப் பக்கம் ஒரு பட்டறை நின்றது. அப்புறம் அதன் பக்கத்தில் ஒன்று. பிறகு மேற்கே, தெற்கே. அந்தப் பள்ளியில் ஐந்து வாரம் இருந்திருக்கிறேன், கரண்ட் நின்ற வியாழக்கிழமைகூடப் போண்டாக் கணக்கில் எதுவும் காதில் விழவில்லை. வேப்பமரத்தில் குருவி இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அடுத்த நொடி பள்ளிக்கூடமே, ஒண்ணாவதிலிருந்து எட்டாவது வரைக்கும், ஒரே குரலில் கத்தியது: "கரண்ட் போயிருச்சு." வகுப்பில் எல்லா ஃபேனும் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளைகளுக்குக் கரண்ட் என்றால் அந்தச் சத்தம்தான்.

தலையில் பஞ்சோடு, லுங்கியோடு, இடுப்பில் செருகிய முந்தானையோடு வந்தார்கள். எண்ணினேன். அறுபது வேண்டும். எழுபத்து நாலு பேர். நான் பெருமையாக ஃபேனைப் போட்டேன். எழுபத்து நாலு தலைகளிலிருந்தும் பஞ்சு கிளம்பி அறையே மூடுபனி ஆகிவிட்டது. இருமல் தாங்கவில்லை. "சார், அந்த ஃபேன நிறுத்துங்க" என்று நாலு பக்கமும் சத்தம். நிறுத்தினேன். பஞ்சு புரொஜெக்டர் மேலும் படிந்து, திரையில் என் தொலைநோக்கு மங்கலாகத் தெரிந்தது. அதையும் நிறுத்தினேன். மைக்கும் தேவைப்படவில்லை, ஊரே அமைதியாக இருந்தது. ஆக, ஃபேன் இல்லாமல், மைக் இல்லாமல், புரொஜெக்டர் இல்லாமல் கூட்டம் நடந்தது. அம்மா குறித்தபடியே.

"ஒன்பதாம் வகுப்பு வேணும்னு தீர்மானம். சம்மதம்னா கையெழுத்துப் போடுங்க," என்றேன். அவ்வளவுதான் என் உரை.

பழனியம்மாள் எழுந்தார். "போடறோம். பெரிய புள்ளைக வந்தா கழிப்பறை பத்துமுங்களா? இருக்கறதுல ஒண்ணுக்குத் தாழ்ப்பாளே இல்லைன்னு என்ற புள்ள சொல்லுது."

என் இருபத்திரண்டில் தாழ்ப்பாளும் இல்லை. தீர்மானத்தில் இரண்டாவது பத்தியாக அதைச் சேர்த்தோம். கையெழுத்து, கைநாட்டு, போட்டோ. இருபத்தொன்பதாவது நிமிடம் பட்டறைக்காரர் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைத் தட்டினார். எல்லோரும் எழுந்து ஓடினார்கள். ஒவ்வொரு பட்டறையாகச் சத்தம் திரும்பியது. எட்டாவதில் யாரோ "வந்துருச்சு" என்று கத்தினார்கள்.

புதன்கிழமை மதியம் தீர்மானம் போய்ச் சேர்ந்தது. அடுத்த வாரம் பேத்தி பிறந்த சந்தோஷத்தில் ஜிலேபியோடு அம்மா திரும்பி வந்தார். மனு உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். "ஏன் கரண்ட் இல்லாத நாள் வெக்கறோம்னு சுற்றறிக்கையில ஒரு வரி எழுதியிருக்கலாம் நானும்," என்றார். பிறகு, "பத்தொம்பது வருசமா அவன் கரண்ட எப்ப நிறுத்துவான்னு பேப்பரையே பாத்துட்டு இருந்துட்டேன் தம்பி. அந்த சுவிச்ச நானும் பாக்கலை," என்றார். என் யோசனை ஃபைலை எடுத்து, பேப்பர்வெயிட்டை நகர்த்தி, முதல் முறையாகப் பிரித்தார். மூன்றாவது பக்கத்தில், "இந்தத் தொட்டி நிழல்ல இருந்தா ஈரம் காயாம அடியில பாசி புடிக்கும்," என்று மூடி வைத்துவிட்டார்.

ஜூனில் அனுமதி வந்தது. முதல் ஒன்பதாம் வகுப்பில் பழனியம்மாள் மகளும் உட்கார்ந்தாள்.

களப்பயிற்சி முடிந்து கிளம்பிய அன்று, பட்டறைக்காரர் ஒரு பொட்டலத்தைக் கையில் திணித்தார். "உங்க கூட்டத்துல கோடு உழுந்த துணிங்க சார். எப்படியும் செகண்ட்ஸ்தான்." நீலக் கட்டம் போட்ட துணி. சரியாக நடுவில், குறுக்கே, விரல் வைத்தால் தட்டுப்படும் ஒரு கோடு.

இப்போது சேந்தமங்கலம் பக்கம் ஒரு சின்னப் பள்ளியில் தலைமையாசிரியராக இருக்கிறேன். அந்தத் துணிதான் என் மேசை விரிப்பு. போன மாதம் புதிதாகச் சேர்ந்த ஒரு டீச்சர், உங்களை மாதிரியே துடிப்பானவர், சேர்ந்த மூன்றாம் நாள் கையில் யோசனைப் பட்டியலோடு என் அறைக்கு வந்தார். மேசையைப் பார்த்தார்.

"சார், இந்த விரிப்புல டேமேஜ் இருக்குது. வேற மாத்திரலாமா?"

"மாத்தலாங்க டீச்சர்," என்றேன். "கோடு எப்படி வந்துச்சுன்னு மட்டும் கேட்டுட்டு மாத்துங்க."

பட்டியலை மடித்து வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டார். நல்லா வருவார்.